விறைப்புக் குறைபாட்டுக் கோரிக்கையை வி.ஏ. மறுத்தால் அடுத்த அடி எது?

தென்திசை (கேள்வி)

அமெரிக்கப் படையில் பணியாற்றி வெளிவந்தவர்களுக்கு வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்துறை) படிவங்கள் நிரப்ப உதவுகிறவர்களிடம் திரும்பத் திரும்ப வந்து சேரும் ஒரு கோப்பு இது. பொதுவாகச் சொல்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் வழி காட்டுங்கள்.

ஐம்பதை ஒட்டிய வயது, முன்னாள் ராணுவ வீரர். பி.டி.எஸ்.டி.க்கு (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்) ஏற்கனவே 70% ரேட்டிங் (இழப்பீட்டுக்கான பாதிப்பு மதிப்பீடு) உண்டு. அதற்காகப் பல வருடமாக செர்ட்ரலின் சாப்பிடுகிறார். மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வருடத்தில் விறைப்புக் குறைபாடு வந்தது. சிகிச்சை தரும் மருத்துவரே சில்டெனாஃபில் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதுவும் மருத்துவப் பதிவில் இருக்கிறது. பி.டி.எஸ்.டி.யின் செகண்டரி (அதன் விளைவாக வந்த நோய்) என்று கோரிக்கை போட்டார்கள். வி.ஏ. ஏற்பாடு செய்த சி அண்ட் பி (இழப்பீட்டு மருத்துவப்) பரிசோதகர், "வயதும் உடல் பருமனும்தான் காரணம், பி.டி.எஸ்.டி.யால் வந்திருக்க வாய்ப்பு குறைவு" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். கோரிக்கை மறுப்பு. கடிதத்தின் தேதியிலிருந்து ஏழு மாதம் ஓடிவிட்டது.

சப்ளிமெண்டல் கிளெய்மா (புதுச் சான்றோடு மறு கோரிக்கை), ஹையர்-லெவல் ரிவ்யூவா (மூத்த அதிகாரியின் மறுபார்வை), போர்டா (மேல்முறையீட்டு வாரியம்)? டாக்டரிடம் நெக்ஸஸ் கடிதம் (நோயையும் அதன் காரணத்தையும் இணைக்கும் மருத்துவக் கருத்து) கேட்டால் அதில் என்னென்ன இருக்க வேண்டும்? மனைவி எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு மதிப்பு உண்டா? இன்னொன்று: கிடைத்தாலும் 0% தான் என்கிறார்கள். அப்படியானால் இந்த அலைச்சல் எதற்கு என்று அவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?


கோப்புமூலை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பாதிப் பேர் அங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள், அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

விறைப்புக் குறைபாட்டுக்கான குறியீடு 7522, இருப்பது 38 சி.எஃப்.ஆர். (கூட்டாட்சி விதித் தொகுப்பு) 4.115பி பட்டியலில். 2021 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, உறுப்பில் உருச்சிதைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரேட்டிங் 0% தான். அதற்கு முன்பு விறைப்பு இழப்போடு உருச்சிதைவும் சேர்ந்திருந்தால் 20% கிடைத்தது. ஆக 0% என்பது உண்மை. ஆனால் 0% என்றால் "பணித்தொடர்பு (நோய்க்கும் படைப்பணிக்கும் உள்ள தொடர்பு) ஏற்கப்பட்டது, சதவீதம் மட்டும் இல்லை" என்று பொருள். அந்த ஏற்புதான் எஸ்.எம்.சி.-கே (சிறப்பு மாத இழப்பீடு, கே பிரிவு) என்ற தனித் தொகைக்குக் கதவு. இனப்பெருக்க உறுப்பின் பயனை இழந்தவருக்குச் சட்டம் தரும் தொகை அது. சட்டத்தில் 38 யு.எஸ்.சி. (அமெரிக்கச் சட்டத் தொகுப்பு) 1114(கே), விதியில் 3.350(ஏ).

2025க்கான தொகை மாதம் 136.06 டாலர். வருடத்துக்கு 1,632.72 டாலர், வரி கிடையாது. மனைவி, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதால் கூடாது, குறையாது. கூட்டு ரேட்டிங் கணக்கில் இது நுழையாது, அதனால் 70%ஐ 80% ஆக்காது. மாதத் தொகையின் மேல் அப்படியே சேரும். 100% வாங்குகிறவருக்கும் மேலே சேரும். உயிரோடு இருக்கும் காலம் முழுக்க வரக்கூடிய தொகை, வருடா வருடம் விலைவாசிக்கு ஏற்ப உயர்வதும் உண்டு. இதைச் சொன்னால் "எதற்கு அலைச்சல்" என்ற கேள்வி அடங்கிவிடும்.

2021 நவம்பருக்கு முன்பே 20% வாங்கி வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். பட்டியல் மாறியதை மட்டும் காட்டி அதைக் குறைக்க முடியாது. உடல்நிலை உண்மையிலேயே தேறியிருந்தால்தான் குறைக்கலாம். 38 யு.எஸ்.சி. 1155 அப்படித்தான் சொல்கிறது.

இனி உங்கள் கோப்பு. வழியைத் தேர்வதற்கு முன் மறுப்புக் கடிதத்தை எடுத்து, எந்தக் கண்ணி அறுந்தது என்று பாருங்கள். செகண்டரி கோரிக்கைக்கு மூன்று கண்ணிகள்: இப்போது நோய் இருக்கிறது, அடிப்படை நோய் ஏற்கனவே பணித்தொடர்பு பெற்றது, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. கடிதத்தில் சாதகமான முடிவுகள் என்று ஒரு பகுதி தனியாக இருக்கும். "விறைப்புக் குறைபாடு கண்டறியப்பட்டுள்ளது" என்று அங்கே எழுதியிருந்தால் முதல் கண்ணி முடிந்தது. அப்பட்டமான பிழை என்று நிரூபித்தால் ஒழிய, அடுத்து முடிவெடுப்பவர்கள் அதை மாற்ற முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மூன்றாவது மட்டும்தான் அறுந்திருக்கிறது.

கடிதத்தோடு நிற்காமல் பரிசோதகரின் முழு அறிக்கையையும் வாங்குங்கள். மறுப்புக் கடிதத்தில் அதன் சாரம் மட்டுமே இருக்கும். 20-10206 படிவத்தில் கோப்பு முழுவதையும் கேட்கலாம். வர நாளாகும், ஆகவே இன்றே போடுங்கள்.

அந்த அறிக்கையில் தேட வேண்டியவை இரண்டு. பி.டி.எஸ்.டி. இந்தக் குறைபாட்டை மோசமாக்கியதா என்று பரிசோதகர் ஒரு வார்த்தையாவது எழுதியிருக்கிறாரா? செர்ட்ரலினைப் பற்றி எழுதியிருக்கிறாரா? 38 சி.எஃப்.ஆர். 3.310 இரண்டு வழிகளைத் தருகிறது. (ஏ) பிரிவு "அதனால் வந்தது", (பி) பிரிவு "அதனால் மோசமானது". ஆலன் எதிர் பிரவுன் தீர்ப்பு 1995இலேயே இதை நிலைநிறுத்தியது. "இதனால் வரவில்லை" என்று எழுதினால் "மோசமாக்கவில்லை" என்றும் சேர்த்துச் சொன்னதாகாது என்று எல்-அமீன் எதிர் ஷின்செகி தீர்ப்பு 2013இல் தெளிவாக்கியது. பரிசோதகர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதியிருந்தால் அந்தப் பரிசோதனையே போதாதது. போதாத பரிசோதனையை வைத்து முடிவெடுத்தது, சான்று திரட்டக் கோருபவருக்கு உதவும் கடமையில் வி.ஏ. செய்த தவறு. அதைச் சுட்டிக்காட்டச் சரியான இடம் ஹையர்-லெவல் ரிவ்யூ. என் ஓட்டு அதற்குத்தான்.


மருந்துக்குறிப்பு

நெக்ஸஸ் கடிதம் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்தக் கோப்பில் கோரிக்கை "பி.டி.எஸ்.டி.யால்" என்று மட்டும் போயிருக்கிறது. பலவீனம் அங்கேதான் தொடங்குகிறது. பணித்தொடர்பு பெற்ற நோய்க்காகச் சாப்பிடும் மருந்து இன்னொரு குறையைத் தந்தால் அதுவும் செகண்டரிதான். செர்ட்ரலின், பராக்ஸெடின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்துகளின் அதிகாரபூர்வத் தகவல் தாளிலேயே பாலியல் செயல்பாட்டுக் குறைபாடு பக்கவிளைவாக அச்சாகியிருக்கிறது. ஆகவே அடுத்த படிவத்தில் "பி.டி.எஸ்.டி. மற்றும் அதற்கான மருந்தினால் உண்டானது அல்லது மோசமானது" என்ற பொருளில் எழுதுங்கள். நான்கு சாத்தியங்களும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

கடிதத்தை யார் எழுதலாம்? சிறுநீரக மருத்துவர், குடும்ப மருத்துவர், மருந்து எழுதும் மனநல மருத்துவர், மூவரில் யாரும் எழுதலாம். பட்டத்தை விடக் காரணம்தான் எடை போடப்படும். நீவ்ஸ்-ரொட்ரிகஸ் எதிர் பீக் (2008) தீர்ப்பின் சாரம் அதுதான்: மருத்துவக் கருத்தின் மதிப்பு அதன் பின்னுள்ள தர்க்கத்தில் இருக்கிறது. "என் நோயாளிக்கு இது பி.டி.எஸ்.டி.யால் வந்தது" என்று ஒற்றை வரியில் முடியும் கடிதம், பரிசோதகரின் இரண்டு வரியைப் போலவே பலவீனம்.

தேவைப்படும் வாசகத்தை டாக்டர்கள் சும்மா எழுதிவிட மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும். சான்றின் அளவுகோல் "குறைந்தது சரிபாதி வாய்ப்பு", அதாவது 50%. "இருக்கலாம்", "சாத்தியம் உண்டு" என்று எழுதினால் ஊகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். "நிச்சயமாக இதுதான்" என்ற அளவுக்குப் போகவும் தேவையில்லை. டாக்டர் தயங்குவதே அந்த நிச்சயத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்துத்தான். சரிபாதி போதும் என்று விளக்கினால் பலர் எழுதச் சம்மதிப்பார்கள்.

உள்ளடக்கம் இப்படி அமைந்தால் நல்லது. முதலில் எந்தெந்தப் பதிவுகளைப் படித்தார் என்று தேதியோடு. அடுத்து நோய் நிர்ணயம். எஸ்.எச்.ஐ.எம். என்ற ஐந்து கேள்வி வினாத்தாளின் மதிப்பெண் இருந்தால் சேர்க்கட்டும். மொத்தம் 25, 21 அல்லது அதற்குக் கீழே போனால் குறைபாடு, 7 அல்லது அதற்குக் கீழே கடுமையானது. பிறகு காலவரிசை: மருந்து எப்போது தொடங்கியது, டோஸ் எப்போது கூடியது, முதல் புகார் எப்போது பதிவானது. இந்த வரிசைதான் கடிதத்தின் முதுகெலும்பு. அதன்பின் "வந்தது", "மோசமானது" என்று இரண்டுக்கும் தனித்தனி வாக்கியத்தில் கருத்தும் காரணமும். மோசமானது என்றால், அதற்கு முன் எந்த நிலையில் இருந்தது என்பதையும் பதிவுகளைக் காட்டிச் சொல்ல வேண்டும். 3.310(பி) அந்த அடிப்படை நிலையைக் கேட்கிறது.

பெரும்பாலான கடிதங்கள் கோட்டைவிடும் இடம் இனிமேல்தான். பரிசோதகர் வயதையும் பருமனையும் காரணம் காட்டியிருக்கிறார். கடிதம் அந்த இரண்டையும் எதிர்கொண்டே ஆக வேண்டும். பேசாமல் விட்டால் முடிவெடுப்பவர் பரிசோதகரின் கருத்துக்கே அதிக எடை கொடுப்பார். வயது: மருந்துக்கு முன்பு புகார் இல்லை, மருந்து தொடங்கிக் குறுகிய காலத்தில் வந்தது என்றால், வயதாவதன் படிப்படியான போக்கோடு அது பொருந்தவில்லை என்று எழுதலாம். பருமன்: அது பங்களிக்கும் காரணம் என்றாலும் மருந்தின் பங்கை இல்லாமல் ஆக்கிவிடாது. ஒரே காரணமாக இருக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை.

பருமனையே நம் பக்கம் திருப்பவும் ஒரு வழி உண்டு. பருமனுக்குத் தனி ரேட்டிங் கிடையாது. ஆனால் அது இடைக் கண்ணியாக இருக்கலாம் என்று வி.ஏ.வின் பொதுச் சட்ட ஆலோசகர் அலுவலகமே 2017இல் ஏற்றிருக்கிறது. பணித்தொடர்பு நோய் பருமனைத் தந்தது, அந்தப் பருமன் விறைப்புக் குறைபாட்டுக்குக் கணிசமான காரணம், அந்தப் பருமன் இல்லாவிட்டால் இது வந்திருக்காது என்று மூன்றையும் டாக்டர் சொல்ல வேண்டும். முழங்கால் காயத்தாலோ மனச்சோர்வாலோ நடமாட்டம் குறைந்து எடை ஏறியவர்களுக்கு இது பொருந்தும். எல்லோருக்கும் இழுத்துப் பொருத்தப் பார்க்காதீர்கள், இருக்கும் நல்ல வாதத்தையும் அது கெடுக்கும்.

கோரிக்கைக்கு வெளியே ஒரு வேண்டுகோள். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டும் என்று செர்ட்ரலினைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். திடீர் நிறுத்தம் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை தரும், பி.டி.எஸ்.டி. திரும்ப முற்றலாம். மாற்றம் வேண்டுமானால் எழுதிய டாக்டரோடு பேசித்தான் செய்ய வேண்டும். மனம் உடைந்த நிலையில் யாராவது இருந்தால் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தச் சொல்லுங்கள். அதேபோல் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. கெட்ட கனவுக்காக ப்ராசோசின் எடுப்பவரும் டாக்டரிடம் சொல்லாமல் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். இதய நோய் வரப்போவதற்கு விறைப்புக் குறைபாடு முன்னறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.


தென்திசை

மிக்க நன்றி. எஸ்.எம்.சி.-கே விஷயம் எத்தனையோ பேருக்குத் தெரியாது. இரண்டு தொடர் கேள்விகள். சில்டெனாஃபில் ஓரளவு வேலை செய்கிறது என்றால் "பயனிழப்பு" இல்லை என்று சொல்லிவிடுவார்களா? இன்னொரு வகைக் கோப்பும் உண்டு: வியட்நாமில் பணியாற்றியவர், சர்க்கரை நோய் ஏஜென்ட் ஆரஞ்சு (போரில் தெளித்த களைக்கொல்லி) வழியாக ஏற்கப்பட்டு, பழைய முடிவுக் கடிதத்தில் "சர்க்கரை நோய், விறைப்புக் குறைபாட்டுடன்" என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். எஸ்.எம்.சி. என்ற பேச்சே அந்தக் கடிதத்தில் இல்லை. இதற்கு என்ன வழி?


வடகரை

கோப்புமூலையோடு ஒரு இடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு. அதையும் சொல்லி, புதுக் கேள்விகளுக்கும் வருகிறேன்.

2019 பிப்ரவரி 19 முதல் இருக்கும் முறையில் மூன்று பாதைகள். எதில் போனாலும் முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டால் முதல் கோரிக்கையின் தேதி காப்பாற்றப்படும். பின்தொகை (கடந்த மாதங்களுக்குச் சேர்த்துத் தரும் தொகை) அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு. உங்கள் கோப்பில் ஐந்து மாதம் மீதி. அது போதுமான காலம், ஆனால் தாராளமான காலம் இல்லை.

ஹையர்-லெவல் ரிவ்யூவுக்குப் படிவம் 20-0996. மூத்த அதிகாரி ஒருவர் அதே கோப்பைப் புதிதாகப் பார்ப்பார். புதுத் தாள் ஒன்றுகூடச் சேர்க்க முடியாது. படிவத்தில் கேட்டால் தொலைபேசியில் ஒருமுறை பேசலாம், தவறைச் சுட்டிக்காட்டுவதற்கு மட்டும். சப்ளிமெண்டலுக்கு 20-0995. புதிய, தொடர்புடைய சான்று வேண்டும். புதுப் பரிசோதனைக்கு உத்தரவிடும் கடமை வி.ஏ.வுக்கு மறுபடியும் வரும். போர்டுக்கு 10182. அதற்குள்ளேயே மூன்று பிரிவு: உள்ளதை வைத்து நேரடியாகப் பார்க்கச் சொல்வது, 90 நாளுக்குள் சான்று சேர்ப்பது, நீதிபதி முன் விசாரணை கேட்பது. முதல் இரண்டு பாதைக்கும் வி.ஏ. வைத்திருக்கும் இலக்கு சராசரி 125 நாள், போர்டின் நேரடிப் பிரிவுக்கு 365 நாள். இந்த மாதிரி ஒரு கண்ணி மட்டும் அறுந்த கோப்பை முதலிலேயே போர்டுக்குக் கொண்டுபோவதில் அர்த்தம் இல்லை.

ஹையர்-லெவல் ரிவ்யூவில் ஜெயித்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். பரிசோதனை போதாது என்று மூத்த அதிகாரி ஒப்புக்கொண்டால், உடனே கோரிக்கையை ஏற்றுவிட மாட்டார். தவறைத் திருத்தக் கோப்பைத் திருப்பி அனுப்புவார். புதுப் பரிசோதனைக் கருத்து வரும். அது மறுபடி எதிராகவும் வரலாம், இம்முறை "மோசமாக்கவும் இல்லை" என்று ஒழுங்காகக் காரணம் எழுதப்பட்டு. அப்போது அந்த ஓட்டையும் அடைபட்டுவிடும், நம் கையில் எதிர்க்கருத்தும் இருக்காது. அதனால் டாக்டர் கடிதம் இரண்டு மூன்று மாதத்தில் கிடைக்கும் என்றால் நான் சப்ளிமெண்டலைத்தான் சொல்வேன். காரணம் எழுதிய கடிதம் ஒரு பக்கம், காரணம் எழுதாத பரிசோதகர் கருத்து மறுபக்கம் என்று நிற்கும்போது தராசு நம் பக்கம் சாயும். இரண்டும் சமமாக நின்றால்கூட 38 யு.எஸ்.சி. 5107(பி) படி சந்தேகத்தின் பலன் படைவீரருக்குத்தான்.

கடிதம் கிடைக்க வழியே இல்லை, அல்லது கெடு முடியப் போகிறது என்றால் கோப்புமூலை சொன்ன வழி சரி. அதில் தோற்றாலும் அந்த முடிவிலிருந்து இன்னொரு வருடம் கிடைக்கும், அதற்குள் கடிதம் வாங்கி சப்ளிமெண்டல் போடலாம், தேதி அறாது. ஆனால் ஹையர்-லெவல் ரிவ்யூ முடிவின் மேல் இன்னொரு ஹையர்-லெவல் ரிவ்யூ கேட்க முடியாது. போர்டிலும் தோற்றால் 120 நாளுக்குள் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம், அல்லது புதுச் சான்றோடு சப்ளிமெண்டலுக்குத் திரும்பலாம்.

20-0995ஐ நிரப்பும்போது பலர் செய்வது: பிரச்சினையின் பெயரை வேறு மாதிரி எழுதி, முடிவுக் கடிதத்தின் தேதியைப் போடாமல் விடுவது. புதுக் கோரிக்கை என்று நினைத்துத் திருப்பி அனுப்பினால் மாதங்கள் வீண். கடிதத்தில் இருக்கும் பெயரை அப்படியே எழுதி, தேதியைப் போட்டு, மருந்து பற்றிய புது வாதத்தைத் தனித் தாளில் இணையுங்கள். வெளி டாக்டரின் பதிவுகளை வி.ஏ.வே வாங்க வேண்டுமானால் 21-4142, 21-4142ஏ இரண்டும் வேண்டும். நீங்களே வாங்கி ஏற்றினால் வேகம்.

சில்டெனாஃபில் கேள்வி. பரிசோதகர் நிரப்பும் டி.பி.க்யூ. படிவம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது: மருந்து இல்லாமல் உடலுறவுக்குப் போதுமான விறைப்பு வருகிறதா, மருந்தோடு வருகிறதா. பல கோப்புகள் கவிழ்வது இங்கேதான். "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டதும், கூச்சத்தில் "மாத்திரை போட்டால் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். மாத்திரை இல்லாத நிலையை முதலில், தெளிவாகச் சொல்ல வேண்டும். பிறகு மாத்திரையோடு எத்தனை முறைக்கு எத்தனை முறை பலிக்கிறது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மாத்திரை வேலை செய்கிறது என்பது குறைபாடு போய்விட்டது என்பதற்குச் சான்று ஆகாது. மருந்துச் சீட்டே நோய் இருப்பதற்கு ஆதாரம்.

உடல் பரிசோதனைக்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. "வீரரின் வேண்டுகோளின்படி பரிசோதிக்கவில்லை, உறுப்பு இயல்பாக இருப்பதாகச் சொல்கிறார்" என்று குறிக்கும் கட்டமே அந்தப் படிவத்தில் இருக்கிறது. உருச்சிதைவு இப்போது ரேட்டிங்கை மாற்றாது என்பதால், சிதைவு இல்லாதவர் மறுப்பதால் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சந்திப்புக்கே போகாமல் இருந்துவிடக் கூடாது. தகுந்த காரணம் இல்லாமல் வராவிட்டால் 3.655 விதிப்படி கோரிக்கையே விழலாம். தேதி ஒத்துவராவிட்டால் முன்கூட்டியே அழைத்து மாற்றுங்கள்.

சர்க்கரை நோய்க் கோப்பு எனக்கு ஆத்திரம் தருவது. 7913 குறியீட்டின் கீழ் சதவீதம் பெறாத சிக்கல்களைச் சர்க்கரை நோயின் பகுதியாகவே சேர்த்துவிடுவார்கள். அதுவரை விதிப்படிதான். ஆனால் அப்படிச் சேர்த்த பிறகும் எஸ்.எம்.சி.-கே பற்றிப் பார்த்தே ஆக வேண்டும். 7522 குறியீட்டின் அடிக்குறிப்பே அதைச் சொல்கிறது. படைவீரர் எஸ்.எம்.சி. என்ற பெயரைச் சொல்லிக் கேட்காவிட்டாலும், கோப்பிலிருந்து தகுதி தெரிந்தால் வி.ஏ. தானாகப் பரிசீலிக்க வேண்டும் என்று ஏக்கிள்ஸ் எதிர் டெர்வின்ஸ்கி (1991) சொல்கிறது.

கடிதம் ஒரு வருடத்துக்குள் என்றால் இங்கே ஹையர்-லெவல் ரிவ்யூதான் சரியான வழி. புதுச் சான்று எதுவும் தேவையில்லை, நோய் ஏற்கப்பட்டுவிட்டது, விட்டுப்போனது சட்டப் பயன்பாடு மட்டும். வருடம் தாண்டியிருந்தால் 3.105(ஏ) கீழ், தெளிவான, மறுக்க முடியாத பிழை என்று மனு. அதற்குக் காலக்கெடு இல்லை, வென்றால் பழைய முடிவின் தேதிக்கே தொகை போகும். ஆனால் கடினமான மனு. அன்று கோப்பில் இருந்த எந்தத் தாள், எந்த விதி, அதைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தால் முடிவு ஐயத்துக்கு இடமின்றி எப்படி மாறியிருக்கும் என்று மூன்றையும் குறிப்பிட்டு எழுத வேண்டும். "கவனிக்காமல் விட்டார்கள்" என்று பொதுவாக எழுதினால் தள்ளிவிடுவார்கள். அதற்காகக் காத்திருக்காமல் எஸ்.எம்.சி.-கேயை இன்றே தனியாகக் கோரிவிடுங்கள், இனி வரும் மாதங்களின் தொகையாவது நழுவாமல் இருக்கும்.

புராஸ்டேட் புற்றுநோய் அறுவை செய்துகொண்டவர்களின் கோப்பையும் இதே கண்ணோடு பாருங்கள். சிகிச்சைக் காலத்தில் 100% வரும்போது எல்லோருடைய கவனமும் அந்த எண்ணில் இருக்கும், எஸ்.எம்.சி.-கே விடுபட்டுவிடும். பெண் வீரர்களுக்கும் உண்டு: 7632 குறியீடு, பெண்களின் பாலியல் கிளர்ச்சிக் குறைபாடு, 2018 மே முதல் பட்டியலில் இருக்கிறது. அதுவும் 0%, அதற்கும் எஸ்.எம்.சி.-கே பரிசீலனை உண்டு.


கோப்புமூலை

வடகரை சொல்வதை ஏற்கிறேன். டாக்டர் கடிதம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் சப்ளிமெண்டல் மேல். எல்-அமீன் வாதத்தையும் அதே தனித் தாளில் ஒரு பத்தியாக எழுதிவிடலாம், பழைய பரிசோதனையின் எடை குறையும்.

மனைவியின் கடிதம் பற்றி யாரும் சொல்லவில்லை. படிவம் 21-10210. மதிப்பு உண்டு, அதுவும் இந்த விஷயத்தில் அதிகம், ஏனென்றால் வீட்டுக்கு வெளியே வேறு யாருக்கும் தெரியாத நோய் இது. அக்கால மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இத்தகைய சாட்சியத்தை ஒதுக்க முடியாது என்று புக்கானன் எதிர் நிக்கல்சன் (2006) சொல்கிறது. ஆனால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். எந்த ஆண்டு வரை இயல்பாக இருந்தது, எப்போது மாறியது, அப்போது எந்த மருந்து புதிதாகத் தொடங்கியது அல்லது டோஸ் கூடியது, இப்போது எப்படி. "மருந்தால்தான் வந்தது" என்ற தீர்ப்பு டாக்டருக்கு உரியது. மனைவி எழுதினால் கடிதத்தின் எடை குறையும். அந்தரங்க விவரணை எதுவும் தேவையில்லை. ஏழெட்டு வாக்கியம் போதும். மொழி தடையாக இருந்தால் தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்து அனுப்பலாம்.

அவர் எழுதத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். வீரரே அதே படிவத்தில் தன் வாக்குமூலத்தை எழுதலாம். மருத்துவப் பதிவில் முதல் புகார் இருக்கும் உங்கள் கோப்பில் மனைவியின் கடிதம் துணைச் சான்றுதான், தூண் இல்லை. வருடக்கணக்காக டாக்டரிடம் வாய் திறக்காமல் இருந்தவரின் கோப்பில்தான் அது தூணாகும்.


தென்திசை

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று. "நெக்ஸஸ் கடிதம் உட்பட எல்லாம் நாங்களே செய்கிறோம், ஏறும் தொகையில் சில மாதப் பங்கு கொடுங்கள்" என்று அழைக்கும் நிறுவனங்களை நம்பலாமா?


வடகரை

வி.ஏ. அங்கீகாரம் இல்லாதவர் கோரிக்கையைத் தயாரித்துக் கொடுக்கவோ வாதாடவோ சட்டம் அனுமதிக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞரும் ஏஜெண்டும்கூட முதல் முடிவு வருவதற்கு முன் கட்டணம் வாங்கக் கூடாது. அதன்பின் வாங்கும்போது, பின்தொகையில் 20% வரை நியாயமானது என்று கொள்ளப்படும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமற்றது என்று கொள்ளப்படும். இனி வரப்போகும் மாதத் தொகையில் பங்கு கேட்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள், வங்கிக் கணக்கு விவரமும் வி.ஏ. இணையக் கணக்கின் கடவுச்சொல்லும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பெயரை வி.ஏ. பொதுச் சட்ட ஆலோசகர் அலுவலகத்தின் அங்கீகாரப் பட்டியலில் தேடினால் அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜியன் போன்ற படைவீரர் அமைப்புகள், அந்தந்த கவுண்டியின் படைவீரர் சேவை அதிகாரி ஆகியோர் இதே வேலையைக் கட்டணமில்லாமல் செய்கிறார்கள். நிறுவனத்தை நியமிக்க 21-22, தனி வழக்கறிஞர் அல்லது ஏஜெண்டை நியமிக்க 21-22ஏ. நியமித்துவிட்டால் கோப்பை அவர்களே பார்க்க முடியும், பரிசோதகர் அறிக்கைக்காக நீங்கள் 20-10206ஐ வைத்துக் காத்திருக்கவும் வேண்டியிருக்காது. எஸ்.எம்.சி.-கே தொகை சிறியது என்பதால் இந்தக் கோப்பு ஒன்றுக்காக வழக்கறிஞர் கிடைப்பது கடினம். முதலில் கவுண்டி அதிகாரியிடம் போங்கள், போகும்போது மறுப்புக் கடிதம், மருந்துப் பட்டியல், சில்டெனாஃபில் முதலில் எழுதப்பட்ட நாளின் குறிப்பு மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.